சாலைக் கடைத்தெருவில் ஒரு செவ்வாய் தோஷம்

பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் இல்லை என்று முதல் காகிதம் சொன்னது. இருக்கிறது என்று இரண்டாவது காகிதம் சொன்னது. இரண்டும் ஒரே பெண்ணின் ஜாதகம். இரண்டையும் அச்சடித்தது ஒரே கடை.

கோமதிநாயகம் இரண்டையும் பாயில் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு எடைக்கல்லை வைத்திருந்தார். மலையாளம் பேசும் அந்த நகரத்தில், சாலைக் கடைத்தெருவில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் அவருக்கு. கீழே கடை, மேலே வீடு. மாடிப்படி முழுவதும் மிளகாய் நெடி ஏறி வந்தது. குற்றாலலிங்கம் தும்மிக்கொண்டே உட்கார்ந்தான்.

"எங்க காகிதம் சுத்தமா இருக்கு. இது அவுக காகிதம்" என்றார் கோமதிநாயகம். "மாப்பிள்ளையோட அம்மா, சரஸ்வதியம்மாள், தனியாப் போயி எடுத்திருக்காக. நான்தான் காசு குடுத்து தோஷத்தை அழிச்சுட்டேன்னு சொல்லுதாக. இன்னைக்குச் சாயந்திரம் நிச்சயதார்த்தம். அதுக்குள்ள சமாதானம் சொல்லலேன்னா வித்துரா பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்குப் போயிருவாக."

"போனா வேற மாப்பிள்ளை" என்றான் லிங்கம்.

"பொய் ஜாதகம் குடுத்தான் கோமதிநாயகம்னு நாளைக்குக் கடைத்தெரு பூரா பேசுமே தம்பி. அப்புறம் எம் மகளை எவன் கேட்டு வருவான்?"

மங்கலம் எடைக்கற்களை நகர்த்தி இரண்டு காகிதத்தையும் பார்த்தாள். துப்பறிகிறவள் என்று யாராவது அறிமுகப்படுத்தினால் அவளுக்கு இப்போதும் கூச்சமாக இருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பல வருஷம் ஊராரின் குரல்களை இணைத்துக் கொடுத்தவள். மனிதர்கள் பேசுவதைவிட, பேசுவதற்கு முன் அவர்கள் இழுக்கிற மூச்சில் அதிக விஷயம் இருக்கிறது என்று அங்கே கற்றுக்கொண்டாள். வேலையை விட்ட பிறகு அந்தக் காது அவளைச் சும்மா விடவில்லை. லிங்கம் அவளுடைய உதவியாளன். தென்காசிப் பக்கத்துக்காரன். ஒரு பழைய ஸ்கூட்டரும் வாயும்தான் அவன் சொத்து. இரண்டில் ஸ்கூட்டர் மட்டும் அவ்வப்போது நின்றுபோகும்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து கதவருகில் நின்றாள். மெலிந்த முகம், மை தொட்ட விரல்கள். இவள்தான் உலகம்மை, ஜாதகத்துக்குரியவள்.

"அக்கா, டீ வேணுமா, மோரா?"

"டீ."

"சீனி போடலாமா?"

"வேண்டாம்மா."

"லிங்கம் அண்ணனுக்கு?"

"மெனு கார்டு இருந்தா கொண்டு வா" என்றான் லிங்கம்.

"ஏட்டி, கொண்டாந்து குடுத்தா குடிக்கப் போறாக. எல்லாத்துக்கும் ஒரு கேள்வி" என்று கோமதிநாயகம் அலுத்துக்கொண்டார். "பி.எஸ்ஸி. கணக்கு முடிச்சிருக்கா. அந்த ஜாதகக் கடையிலயே மத்தியானம் கம்ப்யூட்டர் கிளாஸும் நடக்கு. அதுக்குப் போறா. அதனாலதான் அங்கேயே ஜாதகமும் எடுத்தோம்."

பெண் உள்ளே போனாள். கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம் அவள் முகத்தில் தெரியவில்லை. பரீட்சை எழுதி முடித்து, முடிவுக்குக் காத்திருக்கிறவளின் பொறுமைதான் தெரிந்தது. மங்கலத்துக்கு அது கொஞ்சம் உறுத்தியது. எதிலாவது கண்ணை வைக்க வேண்டும் என்று ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே வாரப் பத்திரிகைகளை உயரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். அடுக்கின் பக்கவாட்டில், மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குச் சாய்வாகப் பச்சைப் பென்சிலில் ஒரு கோடு. யாரோ சின்னப் பிள்ளை கிறுக்கியிருக்கும் என்று நினைத்தாள். இந்த வீட்டில் சின்னப் பிள்ளைகளே இல்லை என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

கோமதிநாயகம் குரலைத் தாழ்த்தினார். "எங்க அக்கா மகன் தளவாய் அந்தக் கடையிலதான் மெஷின் ஓட்டுதான். உலகம்மையைக் கேட்டான். நான் குடுக்கலே."

லிங்கம் எழுந்துவிட்டான். "அக்கா, வாங்க. கேஸ் முடிஞ்சுது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம்."

மழை தூறியதும் ஸ்கூட்டர் நின்றது. நல்ல வேளையாக, போக வேண்டிய கட்டடத்தின் வாசலிலேயே நின்றது. மாடியில் "கணினி ஜாதகம் - பயிற்சி வகுப்பும் உண்டு" என்று பலகை. கீழே ஒரு டீக்கடை. லிங்கம் பிளக்கைக் கழற்றினான்.

"சேட்டா, இதைச் சுரண்ட கெட்டியா ஏதாவது தாளு இருக்கா?"

டீக்கடைக்காரர் ஒரு அட்டையை நீட்டினார். நீளமான அட்டை, முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"இது என்ன, கரையான் அரிச்சதா?"

"மேலே கம்ப்யூட்டர்காரங்க எறியறது. இதில வடை வச்சா எண்ணெய் நல்லா வடியும், கேட்டோ."

லிங்கம் பிளக்கைச் சுரண்டிவிட்டு அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். வண்டி மறுபடி நிற்கும் என்பதில் அவனுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

மாடியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்புகள் கிடந்தன. உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. ஒரு பக்கம் இரும்பு பீரோவைப் போலப் பழைய மெஷின், நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு. எதிரே மேஜைமேல் டெலிவிஷன் போலப் புது மெஷின். அதற்குச் சந்தனம் இன்னும் வைக்கவில்லை.

"இதுதான் மூலஸ்தானமா?" என்று லிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அதெல்லாம் முதலாளிக்க வேலை. எனக்கு அதிலே பங்கில்லே" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. ரத்னாபாய். மார்த்தாண்டத்துக்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், மற்ற நாளெல்லாம் செவ்வாயையும் சனியையும் நகர்த்திக் கொடுக்கிறவள். "இரியுங்க. போலீஸா?"

"இல்லை. அவங்களைவிடக் கொஞ்சம் மெதுவாக் கேட்போம்" என்றாள் மங்கலம்.

தளவாய் ஒல்லியான பையன், பேச்சில் பாதி மலையாளம். யாரையும் கேட்காமல் கீழே ஓடி டீ வாங்கி வந்து எல்லார் கையிலும் திணித்தான். மங்கலத்தின் டீயில் சீனி கொட்டியிருந்தது.

"சேச்சி, மதுரம் வேண்டாமாயிருந்தோ?" என்று கொடுத்த பிறகு கேட்டான்.

"பரவாயில்லை. உலகம்மையோட காகிதத்தை இந்தப் பழைய மெஷின்ல அடிச்சது நீதானே?"

அவன் காது சிவந்தது. "அடிச்சது ஞான். ஆனா ஒண்ணும் செய்யலை. அந்த அம்மா மத்தியானம் வந்தாங்க. மத்தியானம் புது மெஷின்ல கிளாஸ் நடக்கும். அதான் இதில போட்டேன். மாமா ஷீட் காலையிலே எடுத்தது, புதுசுல."

"அப்போ ரெண்டு காகிதம், ரெண்டு மெஷின்" என்றாள் மங்கலம். "ரெண்டும் ஏன் வேற வேற சொல்லணும்?"

ரத்னாபாய்க்குச் சுருக்கென்றது. "சொல்லப்பிடாது. ரெண்டிலேயும் ஓடுறது ஒரே லைப்ரரி."

"லைப்ரரியா? புஸ்தகம் ஒண்ணையும் காணோமே" என்றான் லிங்கம்.

அவள் ஒரு நீளமான தகரப்பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். உள்ளே ஓட்டை அட்டைகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. "இதான். கிரகம் எங்க நிக்குதுன்னு பாக்க ஒரு பகுதி, தோஷத்தை எண்ண ஒரு பகுதி. ஒரு அட்டைக்கு ஒரு வரி. புதுசா யாரு புரோகிராம் எழுதினாலும் இதிலேருந்துதான் எடுக்கணும். இதுக்க நகல்தான் புது மெஷினுக்குள்ளேயும் இருக்கு."

"மெஷினுக்கு ஒண்ணா வச்சா என்ன?"

"ஒண்ணுல திருத்துவேன், மத்ததுல மறந்துபோவேன். ஆறு மாசம் கழிஞ்சா ரெண்டும் ரெண்டு வழிக்குப் போவும். அதுக்காக்கும் ஒரே கட்டு. ஆனா ஒரு தொல்லை உண்டு. ரெண்டும் பேசுறது ஃபோர்ட்ரான்ங்கிற ஒரே பாஷைதான். ஆனா பழசு பேசுறது ஒரு ஊரு ஃபோர்ட்ரான், புதுசு பேசுறது வேற ஊரு."

"எங்க ஊருத் தமிழும் உங்க ஊருத் தமிழும் மாதிரி."

"அதேதான். நான் சொல்லுறது ஒங்களுக்குப் புரியும். சில எடத்துல தப்பாப் புரியும். புரியவே இல்லேன்னா மெஷின் நிண்ணுபோவும், நமக்குத் தெரிஞ்சுரும். தப்பாப் புரிஞ்சா நிக்காது. ஓடிக்கிட்டே இருக்கும்."

மங்கலம் அந்தக் கடைசி வாக்கியத்தை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். மெஷினைப் பற்றித்தான் சொல்கிறாளா என்று இருந்தது. எத்தனை வீடுகள் அப்படி ஓடிக்கொண்டிருக்கின்றன.

"லிங்கம், உன் பிறந்த நேரத்தைச் சொல்லு."

"எனக்கு எதுக்கு? எங்க அம்மா ஒண்ணுக்கு மூணு ஜோசியன்கிட்ட பாத்தாச்சு. சொக்கத் தங்கம்."

சொன்னான். புது மெஷின் தோஷம் எதுவும் இல்லை என்றது. பழைய மெஷின் தடதடவென்று அடித்துத் துப்பிய காகிதத்தில் "செவ்வாய் தோஷம் உண்டு" என்று வந்தது.

லிங்கம் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். "இத்தனை வருஷமாப் பொண்ணு கெடைக்காததுக்குக் காரணம் இதுதானா? நான் என் மூக்கைத் திட்டிட்டிருந்தேன்."

"தளவாய், யோசிச்சுச் சொல்லு" என்றாள் மங்கலம். "சமீபத்துல இந்தப் பழைய மெஷின்கிட்ட வந்தவங்கள்ல, தோஷமே இல்லைன்னு காகிதம் வாங்கிட்டுப் போனவங்க யாராவது உண்டா?"

அவன் யோசித்தான். வாய் மெல்லத் திறந்தது. "இல்லை சேச்சி. ஒருத்தருமில்லை. எல்லாருக்கும் ஒண்ணாவது உண்டு."

ரத்னாபாய் எழுந்து நின்றுவிட்டாள்.

"கேள்வி அட்டை" என்றாள். "யாரோ கேள்வி அட்டையை எடுத்திருக்கு."

அவள் சொன்னது இதுதான். ஜாதகத்தில் எத்தனை தோஷம் இருக்கிறதோ அத்தனை தடவை ஒரு வேலையைச் செய்யச் சொல்லி எழுதியிருக்கிறது. புது மெஷின் முதலில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும். இல்லையென்றால் பேசாமல் தாண்டிப் போய்விடும். பழைய மெஷினுக்கு அந்தக் குணம் இல்லை. முதலில் ஒரு தடவை செய்துவிடும், பிறகுதான் இன்னும் உண்டா என்று பார்க்கும். தோஷமே இல்லாதவர்களுக்கும் அட்டவணையில் முதலில் நிற்கிற செவ்வாயை அச்சடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் ரத்னாபாய் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் ஓர் அட்டை செருகி வைத்திருந்தாள். எண்ண ஏதாவது இருக்கிறதா, இல்லையென்றால் தாண்டு என்று அது சொல்லும். புது மெஷினுக்கு அது வேண்டாத கேள்வி, ஆனால் கெடுதல் இல்லை. பழையதற்கு அதுதான் கடிவாளம்.

"சேச்சி, நம்ம தளவாய் கொண்டு வந்த டீ மாதிரி" என்றான் லிங்கம். "கொடுத்துட்டு அப்புறம் சீனி வேணுமான்னு."

தளவாய் தலையைச் சொறிந்தான்.

ரத்னாபாய் பெட்டியைச் சாய்த்தாள். அட்டைகளின் மேல் விளிம்பில், ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சாய்வாகச் சிவப்புக் கோடு ஓடியது. "கட்டு கீழே விழுந்து கலைஞ்சா அடுக்குறதுக்காக நான் போட்டது. ஒரு அட்டை குறைஞ்சாலும் கோடு முறியும்." கோடு முறிந்துதான் இருந்தது. அங்கங்கே பல் விழுந்தது போலச் சின்னப் படிகள். "தங்கச்சிக்குப் பேறுகாலம்னு ஊருக்குப் போயிருந்தேன். அப்ப நடந்திருக்கு."

"அப்ப இங்க இருந்தது யாரு? தளவாய்!" லிங்கம் அவன் தோளில் கை வைத்தான். "காதல் தோல்வி, கையில மெஷின். வேற என்ன வேணும்?"

"ஞான் இல்லை" என்றான் பையன். அழுதுவிடுவான் போல இருந்தது.

"அவன் இல்லை" என்றாள் மங்கலம். அவள் பெட்டியின்மேல் குனிந்திருந்தாள். முறிந்த சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு இருந்தது. நூல் பிடித்தது போல நேராக, எங்கேயும் முறியாமல். பச்சை. "லிங்கம், ஒரு வீட்டுல திருடிட்டு, வாசல்ல கோலமும் போட்டுட்டு எவனாவது போவானா?"

"கொஞ்சம் ரசனை உள்ளவன்னா..."

"அட்டையை எடுத்த ஆள், மிச்சத்தை ஒழுங்கா அடுக்கி, புதுசா ஒரு கோடும் போட்டிருக்கு. கெடுக்க வந்த கை இல்லை இது. சுத்தம் பண்ண வந்த கை. வேண்டாத கேள்வின்னு நினைச்சு எடுத்துப் போட்டிருக்கு. அப்படின்னா அந்த ஆளுக்குப் புது மெஷினோட குணம் மட்டும்தான் தெரியும்."

"எடுத்த அட்டையெல்லாம் எங்கே?"

"கெட்டுப்போன அட்டை எல்லாம் கீழே டீக்கடைக்குப் போவும்" என்றாள் ரத்னாபாய்.

லிங்கத்தின் முகம் மாறியது. மெதுவாகச் சட்டைப்பைக்குள் கையை விட்டு, கரி படிந்த அட்டையை எடுத்து நீட்டினான். மேல் விளிம்பில், கரிக்கு அடியில், ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

"அக்கா, கேஸோட முக்கிய சாட்சியை வச்சு நான் பிளக் சுரண்டியிருக்கேன்."

ரத்னாபாய் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். தலையாட்டினாள். கேள்வி அட்டைதான்.

"பச்சைப் பென்சில் யாரோடது?" என்று மங்கலம் கேட்டாள்.

ரத்னாபாய் பெட்டியை மூடினாள். "இங்க எத்தனையோ பென்சில் கிடக்கு."

பதில் வருவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் தாமதமாகியிருந்தது. டிரங்க் காலில் தூரத்துக் குரல் வந்து சேரும் நேரம். மங்கலம் மேலே கேட்கவில்லை. ஜன்னலோரத்துப் பத்திரிகை அடுக்கு அவள் கண்முன் வந்து நின்றது. ஓர் இதழை யாராவது எடுத்துப்போனால் முறிந்து காட்டிக்கொடுக்கும் பச்சைக் கோடு.

"எங்கே போறோம், சாலைக் கடைத்தெருவுக்கா?" என்றான் லிங்கம் வெளியே வந்ததும்.

"கரமனைக்கு. மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருக்கிற இடத்துக்கு."

"குற்றவாளி அங்கேயா?"

"அங்கே ஒரு காகிதம் இருக்கு. நான் பார்க்கலை. ஆனா இருக்கு."

கரமனையில் உறவினர் வீட்டுக் கூடத்தில் சரஸ்வதியம்மாள் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவை, இறுக்கிய உதடு. மகன் ஆவுடையப்பன் வித்துராவில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவன். தூணருகில் நின்றிருந்தான். உயரமான, என்ன செய்வதென்று தெரியாத உருவம்.

"பெண்ணோட அச்சன் அனுப்பினாரா?" என்றாள் அவள். "மதி, போதும். எனக்கு விசாரணை ஒண்ணும் வேண்டாம். மெஷின் பொய் சொல்லாது, கேட்டோ."

"சொல்லாது" என்று மங்கலம் ஒத்துக்கொண்டாள். "அந்த மெஷின் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சொல்லும். அதுக்கு ஒரு பழக்கம் உண்டு அம்மா. அது யாரையும் தோஷம் இல்லாம வெளியே விடாது. இதோ, எங்க லிங்கத்துக்கும் ஒண்ணு கொடுத்திருக்கு."

லிங்கம் தன் காகிதத்தைப் பெருமையோடு விரித்தான். "பத்திரமா வச்சிருக்கேன். ஃபிரேம் போடணும்."

"வித்துராவிலிருந்து பஸ் ஏறி வந்து, குடையும் பையுமா அந்த மாடிக்கு ஏறியிருக்கீங்க. பொண்ணோடதை மட்டும் எடுத்துட்டா திரும்பியிருப்பீங்க?" மங்கலத்தின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. "எந்த அம்மாவும் மகனோடதையும் ஒரு தடவை..."

"அரிசிப் பானையில இருக்கு" என்றான் ஆவுடையப்பன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே உள்ளே போய்ப் பானைக்குள் கையை விட்டு, அரிசி உதிர ஒரு காகிதத்தை எடுத்து வந்து மங்கலத்திடம் கொடுத்தான். "எனக்கும் செவ்வாய்தான். வீட்டுல பாத்தேன். இங்க வரும்போதும் அம்மா அரிசியோட கட்டிக் கொண்டாந்துட்டாங்க. சொல்லிருங்கம்மான்னு சொன்னேன். கேக்கலை."

"எடா" என்றாள் தாய்.

"அம்மா" என்றாள் மங்கலம். "மெஷின் சொன்னது சரின்னா ரெண்டு பேருக்கும் தோஷம் இருக்கு. தோஷத்துக்குத் தோஷம் பொருத்தம்னு நீங்களே சொல்லுவீங்க. தப்புன்னா ரெண்டு பேருக்கும் இல்லை. எதை எடுத்துக்கறீங்க?"

"ரெண்டுல எதை எடுத்தாலும் எனக்குச் சாப்பாடு உண்டு" என்று லிங்கம் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

சரஸ்வதியம்மாள் தரையில் உதிர்ந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பேசியபோது முன்பிருந்த கறார் இல்லை.

"இவன் அச்சன் தவறிப்போனப்போ எனக்குத்தான் தோஷம்னு சொன்னாங்க. என் முகத்தைப் பாத்துச் சொன்னாங்க. இவன் பேருக்கும் அதே வந்தப்போ மடிச்சு ஒளிச்சுட்டேன். இவனை அப்படி யாரும் சொல்லப்பிடாது. பெண்ணைச் சொன்னாப் பெண்ணோட போகும்னு..." நிறுத்தினாள். "நான் கேட்டதை அந்தப் பிள்ளையும் கேக்கட்டும்னு விட்டுட்டேன், அல்லே."

மங்கலம் அரிசி ஒட்டிய காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தாள்.

"அந்தப் புது மெஷின்" என்றாள் சரஸ்வதியம்மாள் தயங்கி. "பழைய ஆளுங்க ஜாதகமும் போடுமா? என்னோடது..." பிறகு தலையை உதறிக்கொண்டு எழுந்து பெட்டியின் கட்டை அவிழ்த்தாள். "வேண்டாம். விடு. எடா, நல்ல ஷர்ட்டை எடுத்துப் போடு."

சாயந்திரம் மிளகாய் நெடிக்கு மேல் மல்லிகை வாசம் ஏறியிருந்தது. கீழே கடையில் கோமதிநாயகம் வருகிறவர்களுக்கெல்லாம் விஷயத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின் கோளாறாம், பெண் சொக்கத் தங்கமாம். மேலே பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த உலகம்மையின் பக்கத்தில் மங்கலம் போய் உட்கார்ந்தாள். மடியிலிருந்து கரி படிந்த அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

உலகம்மை அட்டையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரத்துப் பத்திரிகை அடுக்கைப் பார்த்தாள். பச்சைக் கோடு அங்கேயே இருந்தது.

"ரத்னாபாய் அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுபோச்சு. சொல்ல மாட்டாங்க."

"பென்சிலே அவங்க குடுத்ததுதான்." பெண்ணின் உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. "அவங்க ஊர்லேருந்து வரும்போது கட்டு சுத்தமா இருக்கணும்னு நெனச்சேன். ஒரே கேள்வி எல்லா எடத்துலயும் வந்துது. மெஷின்தான் தானாவே கேக்குதே, இது எதுக்குன்னு எடுத்துப் போட்டேன். பழசு கேக்காதுன்னு எனக்குத் தெரியாது."

"எப்போ தெரிஞ்சுது?"

மறுபடியும் அந்த மூச்சு. மங்கலம் காத்திருந்தாள்.

"அவங்க அம்மா வந்த அன்னைக்கு. நான் புது மெஷினுக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன். ரெண்டு ஷீட்டு அடிச்சுது, எனக்கொண்ணு, அவங்க மகனுக்கொண்ணு. ரெண்டுலயும் செவ்வாய். எனக்கு இல்லேன்னு எனக்குத் தெரியும். உடனே புரிஞ்சுபோச்சு. நானே எனக்குத் தோஷம் போட்டுக்கிட்டேன்னு."

"புரிஞ்சும் சொல்லலை."

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அப்ப அவங்க மகனோட ஷீட்டை மட்டும் மடிச்சுப் பையோட அடியில வச்சாங்க." உலகம்மை அட்டையின் ஓட்டைகளை விரலால் தடவினாள். "அக்கா, இந்தக் கல்யாணத்துல எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலை. நாள் பாத்தாங்க, பொடவை எடுத்தாங்க, அப்புறம் சரிதானேன்னாங்க. சரி, நாமளாவது ஒண்ணு கேட்டுப் பாப்போம்னு இருந்தேன். அவருக்கும் இருக்குன்னு அவருக்குத் தெரியும்போது என்ன செய்யுதாருன்னு."

"உங்க அப்பா பேரு கெட்டுப்போயிருக்குமே."

"இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லியிருப்பேன். அதுக்குள்ள அப்பா உங்களைக் கூட்டியாந்துட்டாரு." நிமிர்ந்தாள். "ஊர்ல எத்தனை பேருக்கு அந்த ஷீட்டு போயிருக்கோ, எல்லார் வீட்டுக்கும் நானே போயிச் சொல்லிடுதேன். நாளையிலேருந்து."

"லிங்கத்தைக் கூட்டிட்டுப் போ. அவனுக்கும் செவ்வாயை இறக்கணும்."

பெண் சிரிக்கவில்லை. கேட்க வேண்டியது இன்னும் மிச்சம் இருந்தது. "அக்கா, அந்த ஷீட்டை அவரு நீங்க கேட்டப்புறம் குடுத்தாரா? இல்லே..."

மங்கலத்துக்குக் காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்த முகத்தின் அர்த்தம் இப்போதுதான் முழுசாகக் கிடைத்தது. அது பயமின்மை இல்லை. முடிவு வருவதற்குள் பேனாவை மூடி வைத்துவிட்ட பிடிவாதம்.

"கேக்கலை. யாரும் அவரைக் கேக்கலை. நான் அவரோட அம்மாகிட்டப் பேசிட்டிருந்தேன். அவரா அரிசிப் பானையில கையை விட்டு எடுத்துட்டு வந்தாரு."

உலகம்மையின் முகத்தில் வெளிச்சம் ஏறுவதை மங்கலம் பார்த்தாள். சிரிப்புக்கு வெகு தொலைவில் தொடங்கி, மெதுவாக வந்து சேர்ந்தது.

"அப்போ அவரு பழைய மெஷின்" என்றாள். "கேக்கறதுக்கு முன்னாலயே செஞ்சிருவாரு."

"நீ?"

"நான் புதுசு. கேட்டுட்டுத்தான்." அட்டையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கரி தலைப்பில் ஒட்டியது. "இதை நாளைக்குப் புதுசா அடிச்சு, எடுத்த எடத்துலயே செருகிடுதேன். ரெண்டும் ஒண்ணா ஓடணும்னா இது வேணும்."

கீழே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. யாரோ காபித் தட்டைக் கொண்டு வந்து உலகம்மையின் கையில் கொடுத்தார்கள். சீனிக் கிண்ணம் தனியாக இருந்தது. அது அவள் சொல்லி வைத்த ஏற்பாடு.

கூடத்தில் ஆவுடையப்பன் நல்ல சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். உலகம்மை நேரே அவன் முன்னால் போய் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"சீனி போடலாமா?"

அவன் அதற்குள் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டிருந்தான். கசப்பு முகத்தில் ஏறியது. டம்ளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, கொஞ்சம் தாமதமாக, டம்ளரை அவள் பக்கம் நீட்டினான்.

"போடுங்க" என்றான். "இனிமே கேட்டுக்கறேன்."